ஹெல்மெட்டில் பாலைப்பழம்

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சி ரவுணுக்குள் வந்ததும் என்னுடைய மோட்டார் சைக்கிள் இனி இழுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் வழமையான கராஜில் விட்டேன். அங்கே நிற்கும் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, "கிளச் பிளேற் முடிஞ்சுது அண்ணை. சாமான் யாழ்ப்பாணத்திலயிருந்து பஸ்ஸில வரோணும், மூண்டு மணிக்குப் பிறகு வாங்கோ" என்றான். அப்போது நேரம் ஒன்பதரை.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு நாற்பது வயது மனிசனுக்குச் செய்ய எவ்வளவோ வேலை இருக்கும். கரண்ட் பில் கட்டலாம், சந்தைக்குப் போகலாம், மாமியார் வீட்டுத் தண்ணீர் மோட்டரைப் பார்க்கிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் வாகனம் வேண்டும். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "வேணுமெண்டா என்ர சைக்கிளைக் கொண்டு போங்கோ" என்று தம்பி ஒரு பழைய லுமாலாவைக் காட்டினான். செயின் கவர் இல்லை, பின் மட்காட் கம்பியால் கட்டியிருந்தது, பெல் இருந்தது ஆனால் அடிக்காது. முன் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு டைனமோ. டைனமோவைக் கண்டு எத்தனை வருசம்! ஹெல்மெட்டைக் கராஜிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம், பழக்கதோசத்தில் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு ஏறிவிட்டேன். அந்த ஹெல்மெட் இந்தக் கதையில் பிறகு வரும்.

முதல் ஒரு கிலோமீற்றர் முழங்கால் முறையிட்டது. அதற்குப் பிறகு பரவாயில்லை. ஏ9 வீதியில் தெற்குப் பக்கமாகப் போனேன், ஏன் தெற்கு என்று கேட்டால் காற்று அந்தப் பக்கம் தள்ளியது, அவ்வளவுதான் (சோழகக் காற்று எதிரேதானே அடிக்கவேண்டும் என்று யாராவது கேட்பீர்கள், அன்றைக்கு ஏனோ அடிக்கவில்லை, சரியா). இரணைமடுச் சந்தியில் ஒரு பிளேன்ரீயும் ஒரு பைக்கற் கச்சானும். கொழும்பு வான் ஒன்று காதுக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போனபோது, இனி இந்த வீதி வேண்டாம் என்று இடப்பக்கம் திரும்பிவிட்டேன். அன்றைக்கு நான் திட்டமிட்டு எடுத்த ஒரே முடிவு அதுதான்.

அந்த வீதி குளத்துக்குப் போகும். இரணைமடு என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும், மாரியில் தண்ணீர் 36 அடியைத் தொட்டால் செய்தியில் சொல்வார்கள், 14 வான்கதவும் திறந்தால் ஊரே பார்க்கப் போகும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரை நாங்களும் அங்கேதான் கூட்டிப்போவோம். குளக்கட்டில் வானை நிற்பாட்டுவோம், படம் எடுப்போம், காற்று நல்லாயிருக்கு என்பார்கள், முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வருவோம். ஒவ்வொரு வருசமும் இதே. நான் குளக்கட்டுக்கு இருபது தடவையாவது போயிருப்பேன், ஆனால் அதற்குக் கிட்ட வலதும் இடதுமாகப் பிரிந்து போகிற கிறவல் ஒழுங்கைகளில் ஒன்றிலாவது இறங்கியதில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். சண்டை முடிந்தபிறகு, 2010இல் மீள்குடியேற்றம் என்று எங்களை ஊருக்கு விட்டபோது வீதியின் இரண்டு பக்கமும் சிவப்புப் பலகைகள்தான் எங்களை வரவேற்றன. மண்டையோடு போட்டு, மூன்று மொழியிலும் மிதிவெடி கவனம் என்று எழுதியிருக்கும். வீடு இருந்த காணிக்குள் போக ஒரு பாதை காட்டுவார்கள், அந்தப் பாதையால் மட்டும்தான் போக்குவரத்து. பஸ்ஸில் போகும்போது ஒன்றுக்கு நிற்பாட்டினால்கூடத் தார் ஓரத்தை விட்டு ஒருவரும் அரை அடி இறங்கமாட்டார்கள், வெட்கத்தைப் பார்த்தால் கால் இருக்காது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை, என்றாலும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலான இடங்களைத் துப்புரவாக்கிக் கையளித்துவிட்டார்கள், பலகைகளும் போய்விட்டன. ஆனால் என் கால் மட்டும் தார் ஓரத்திலேயே நின்றுவிட்டது. 2015இல் பிறந்த என் மகளுக்கும், அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்: "றோட்டை விட்டு இறங்காதே."

இத்தனைக்கும் நான் றோட்டே இல்லாத இடத்தில் வளர்ந்தவன். 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரம் பக்கம் போனபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா, அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது பெருநாள். அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகள் என்று நேரம் பிரித்திருந்தார்கள். அதாவது காலை முழுக்க எங்களுக்குச் சொந்தம். விறகு பொறுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் விறகைத் தவிர மற்ற எல்லாம் பொறுக்குவோம். வீரைப்பழம், நாவல்பழம், சூரைப்பழம், மயிலிறகு, ஆமையோடு. கெற்றப்போலால் அடித்து ஒன்றும் விழுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அடிப்போம். காடு எவ்வளவு பெரியது என்று கேட்டால் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரக்கூடிய அளவு பெரியது என்று சொல்லியிருப்பேன்.

சரி, கதைக்கு வருகிறேன். அன்றைக்குக் குளத்துக்குக் கிட்டப் போகும்போது ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வாய்க்கால் கரையால் ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு ஒற்றையடிப் பாதை, அதன் நடுவில் புல் இல்லை, அதாவது ஆட்கள் தினமும் போய்வருகிற பாதை. நான் அதன் வாயில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இரண்டு நிமிசமாவது நின்றிருப்பேன். ஒரு அம்மா தலையில் கடகத்தோடு அதால் வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனார். வெட்கமாக இருந்தது. இறங்கினேன்.

இரண்டு பக்கமும் நெல், குடலைப் பருவம். வாய்க்கால் ஓரம் மருதமரங்கள். புலுனிகள் கூட்டமாக நிலத்தில் தத்தித் தத்திச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன, ஏழு ஏழாகத்தான் திரியும் என்பார்கள், எண்ணிப் பார்த்தேன், ஆறுதான், ஏழாவது எங்கே போனதோ. வயல் முடிந்து தரவை, தரவை முடிகிற இடத்தில் காட்டுக்கரை. அங்கே பட்டி மாடு, ஐம்பது அறுபது இருக்கும். மாடுகளுக்கு நடுவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஐயா நின்றார். ஹெல்மெட் கொழுவிய சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆர் தம்பி? காணி அளக்க வந்தனீங்களோ?"

"இல்லை ஐயா, சும்மா வந்தனான்."

"சும்மாவோ?" அவர் அந்தச் சொல்லை வாயில் வைத்துக் கொஞ்சம் மென்று பார்த்தார். "சும்மா ஒருத்தரும் இஞ்சால வாறேல்லை. ஒண்டில் மாடு துலைச்சவன் வருவான், இல்லாட்டி விறகுக்காரன் வருவான்."

நான் என்னுடைய பயத்தைச் சொன்னேன், இந்தப் பக்கம் கால் வைக்கலாமா என்று. அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கத்தை எப்போது துப்புரவாக்கினார்கள், எங்கே கடைசியாகப் பலகை நின்றது என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். தன்னுடைய ஒரு நாம்பன் 2011இல் எந்த இடத்தில் செத்தது என்றும் காட்டினார். "மாட்டுத்தடத்தை விட்டு விலகாதேங்கோ, காணும்" என்றார். நான் விலகவில்லை. இதை வாசித்துவிட்டு யாரும் கண்டபாட்டுக்குக் காட்டுக்குள் இறங்கவேண்டாம், அந்தந்த ஊரில் இருக்கிறவரைக் கேட்காமல் நானும் இப்போதுவரை இறங்குவதில்லை.

பிறகு அவர்தான் கேட்டார், "பாலைப்பழம் தின்பியளோ?"

கரையில் ஒரு பாலை நின்றது. பெரிய மரம், கீழ்க்கொப்பு ஒன்று கைக்கெட்டுகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "இந்த ஒண்டு காணும், உள்ளுக்கை போகாதேங்கோ, இப்ப கரடியும் பழத்துக்குத்தான் திரியும்" என்றுவிட்டு அவர் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டார். நான் மரத்துக்குக் கீழே நின்றேன். நிலமெல்லாம் மஞ்சளாகக் கொட்டியிருந்தது.

பாலைப்பழத்தைத் தெரியாதவர்களுக்கு: சின்னவிரல் நுனியளவு, நன்றாகப் பழுத்தால் மஞ்சள், தோல் மெல்லிது. கடித்தால் முதலில் ஒரு துளி பால், பிறகு இனிப்பு, தேனும் இல்லை சீனியும் இல்லை, தடித்த ஒரு இனிப்பு. உள்ளே ஒரேயொரு கொட்டை, எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். முதல் பத்துப் பழம் பிரச்சினை இல்லை. பதினைந்தாவதில் உதடு கொஞ்சம் இழுக்கும். இருபத்தைந்தில் மேலுதடும் கீழுதடும் ஒட்டிப் பிடித்துவிடும், வாயைத் திறந்தால் "பிசுக்" என்று சத்தம் வரும். ஸ்கந்தபுரத்தில் இதுதான் எங்கள் போட்டி: ஆருடைய வாய் முதலில் ஒட்டும் என்று. வாய் ஒட்டினவன் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேள்வி கேட்டால் எழும்பி நின்று "ம்ம்" என்பான், அடி விழும்.

ஏ9 ஓரத்தில் சுண்டுக்கணக்கில் அளந்து விற்கிறார்கள்தான், நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அது வேறு பழம். விழுந்ததைக் குனிந்து எடுத்து, ஊதி, எறும்பைத் தட்டிவிட்டு வாயில் போடுவதற்கு இடையில் ஒரு கணம் இருக்கிறது பாருங்கள், அது சுண்டில் வராது. நான் குந்தியிருந்து தின்றேன். பிறகு முழங்காலில் நின்று தின்றேன். முசுறு ஒன்று கழுத்தில் கடித்தது, "அம்மா" என்று கத்தினேன், அந்தத் தரவை முழுக்க ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, இரண்டு மாடு மட்டும் பார்த்தது. எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. மகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது கையில் பை இல்லை. ஹெல்மெட் இருந்தது. முக்கால்வாசி நிரப்பினேன். விழாமல் இருக்கட்டும் என்று போனையும் அதற்குமேல் வைத்தேன், இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகு தெரிந்தது.

திரும்பும்போது வாய்க்கால் மதகில் நாலைந்து பெடியன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்து, காலை மடித்து, குண்டு போடுகிற மாதிரித் தண்ணீருக்குள் விழுவது. நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முகம் கழுவத்தான் இறங்கினேன், சத்தியமாக. குளத்துத் தண்ணீர் கலங்கலாக, ஆனால் குளிர்ந்து கிடந்தது. முகம் கழுவியதும் சேர்ட்டைக் கழற்றினேன். சேர்ட்டைக் கழற்றிய பிறகு மதகில் ஏறாமல் இருக்க முடியுமா? அவர்களில் சின்னவன் ஒருத்தன், எட்டு வயது இருக்கும், மிகவும் அக்கறையோடு, "மாமா, ஆழம் காணாது, உங்கட வண்டி நிலத்தில தட்டும்" என்றான். வயிறு தட்டவில்லை. மூக்குக்குள் தண்ணீர் போனது, முழங்கை சீமெந்தில் உரசியது, தோல் போய்விட்டது. மூன்று தரம் குதித்தேன். மூன்றாவது தரம் அவர்கள் எண்ணிக்கொண்டு நின்றார்கள், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று. எங்கள் காலத்தில் நாங்களும் அப்படித்தான் எண்ணுவோம், ஆனால் எங்களுக்கு நடுவில் கிபிர் விமானம் இரைகிற சத்தம் கேட்டால் எண்ணுவதை விட்டுவிட்டு மதகுக்குக் கீழே போய் ஒளிப்போம். இந்தப் பெடியன்களுக்கு மதகுக்குக் கீழே நண்டு மட்டும்தான் இருக்கிறது.

உடுப்புக் காயும்வரை வெயிலில் கிடந்து, பிறகு வழி மாறி, ஒருதரம் ஒரே கோயிலைச் சுற்றி இரண்டு முறை வந்து, ரவுணுக்கு வந்தபோது ஆறே கால். கராஜ் பூட்டு. போனை எடுத்தேன், எடுக்கவில்லை, உரித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அடியில் நசிந்த பழம் எல்லாம் அதில் ஒட்டியிருந்தது. தம்பி ஒன்பது தரம் எடுத்திருக்கிறான், மனைவி ஏழு தரம். திரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் விரல் ஒட்டியது.

வீடு உருத்திரபுரத்தில், ஆறேழு கிலோமீற்றர் போகவேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் டைனமோவைக் காலால் தட்டி ரயரில் முட்டவிட்டேன். பெடல் பாரமானது. ஒரு "ங்ங்ங்" சத்தம். பிறகு முன்லைற் மங்கலாக, மஞ்சளாக, எரிந்தது! அந்தச் சத்தத்தைக் கேட்டு இருபது வருசத்துக்கு மேல் இருக்கும். கரண்ட் இல்லாத காலத்தில் எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிற்பாட்டி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்திருந்தார் அப்பா. இரவில் பிபிசி தமிழோசை கேட்க வேண்டும், பெடலைக் கையால் சுற்றுகிற வேலை என்னுடையது. நித்திரை தூங்கிச் சுற்றுவது மெதுவானால் செய்தி வாசிப்பவரின் குரல் அடங்கிப்போகும், அப்பா தலையில் ஒரு குட்டு வைப்பார், உடனே குரல் எழும்பும். அயல் வீடுகளிலிருந்தும் வந்து முற்றத்தில் இருப்பார்கள். ஒரு வகையில் அவ்வளவு பேருக்கும் உலகச் செய்தியை நான்தான் வாசித்தேன்.

வீட்டில் விழுந்த பேச்சை இங்கே எழுதத் தேவையில்லை. நியாயமான பேச்சு. மகள் மட்டும் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, மாத்திரையா?" என்று கேட்டாள். வன்னியில் பிறந்து பத்து வயது வரைக்கும் பாலைப்பழத்தை மாத்திரை என்று நினைக்கிற பிள்ளையை வளர்த்திருக்கிறேன். ஒன்றைத் தின்னக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்தாள், இரண்டாவதுக்குக் கை நீட்டினாள். பிறகு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிற்பாட்டிக் காட்டினேன். அவள் பெடலைச் சுற்றினாள், லைற் எரிந்தது, நிற்பாட்டினாள், அணைந்தது. மறுபடி சுற்றினாள். வீட்டுக்குள் பல்ப், ரீவி, வைஃபை எல்லாம் எரிந்துகொண்டிருக்க, அவள் அரை மணித்தியாலம் மாமரத்துக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட வா" என்று தாய் கூப்பிட்டபோது வாய் ஒட்டியிருந்ததால் "ம்ம்" என்றாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது இரண்டு பேரும் போகிறோம். எங்கே போவது என்று பேசி வைப்பதில்லை, சந்தியில் வைத்து அவள் கை காட்டுகிற பக்கம். கல்மடுக்குளத்துக்குப் போனோம், முதலை பார்க்கவேண்டும் என்றாள், நல்லவேளை தெரியவில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்துக்கு வெளியில் நின்று, ஆனையிறவு உப்பை இங்கே கொண்டுவந்துதான் சோடாவும் குளோரினும் செய்தார்கள் என்று சொன்னேன், அவளுக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை, மதிலில் நின்ற ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்க றெயில் ஸ்ரேசனிலேயே போய்விட்டது. என்னுடைய சின்ன வயதில் தண்டவாளம் இல்லை, சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளமும் பங்கருக்குப் போய்விட்டன, மிஞ்சின மண்மேட்டில் நாங்கள் சைக்கிள் ஓடினோம். 2013 செப்டெம்பரில் யாழ்தேவி திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்த நாளில், 28 வயதில், சனத்துக்குள் நெரிபட்டு நின்று கை காட்டினேன். இதைச் சொன்னபோது, "28 வயசிலயா கை காட்டினீங்கள்?" என்று மகள் சிரித்தாள். பிறகு கொழும்புக்குப் போன றெயிலுக்கு இரண்டு பேரும் கை காட்டினோம். ஒரு ஜன்னலில் இருந்து யாரோ திருப்பிக் காட்டினார்கள்.

ஹெல்மெட்டின் உள்துணியை மண்ணெண்ணெயால் துடைத்தேன், தேங்காயெண்ணெய் போட்டேன், சவர்க்காரத்தில் ஊறவைத்தேன். பால் இன்னும் முழுதாகப் போகவில்லை. கந்தோருக்குப் போய்க் கழற்றினால் உச்சியில் நாலு மயிர் ஹெல்மெட்டோடு வருகிறது. இருக்கிறதே கொஞ்சம்.

திங்கட்கிழமை சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, விலைக்குத் தருவியா என்று தம்பியிடம் கேட்டிருந்தேன். முதலில் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டான். நான் வாய் தடுமாறி, டைனமோ வேலை செய்கிற விசயத்தைச் சொல்லிவிட்டேன். "வேலை செய்யுதோ?" என்று குனிந்து, ரயரில் முட்டவிட்டுச் சில்லைச் சுற்றிப் பார்த்தான். லைற் எரிந்தது. "அப்ப தரமாட்டன் அண்ணை" என்றான். இப்போது நான் வைத்திருப்பது வேறு சைக்கிள், நல்ல சைக்கிள்தான், பெல்லும் அடிக்கும். வேலை செய்கிற பழைய டைனமோ ஒன்று யாருடைய வீட்டுக் கொட்டிலிலாவது கிடந்தால் சொல்லுங்கள், பல்ப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.